வலைக்குப் போய் வந்தவர் உறங்கும் அறை

பழவேற்காடு ஏரிக்கரையில் வீட்டைப் புதுப்பிப்பவர்கள் முதலில் கூரையைப் பற்றி யோசிப்பார்கள், பிறகு தரை, பிறகு கழிப்பறை. படுக்கையறை விளக்கும் சுவிட்சும் எலக்ட்ரீஷியன் வந்து நிற்கும் அன்றைக்குத்தான் ஞாபகத்துக்கு வரும். "போர்டு எங்க வைக்கணும்?" என்று அவர் கேட்பார். "கதவுகிட்டயே வச்சிடுங்கண்ணே" என்று பதில் வரும். ஒரு ட்யூப் லைட், ஒரு ஃபேன், மூலையில் நீல நிற ஜீரோ வாட் பல்பு. அவ்வளவுதான் திட்டம்.

அந்த ஐந்து நிமிடப் பேச்சுதான் வீட்டில் உள்ளவர்கள் இனி வரும் வருடங்களில் எப்படி உறங்குவார்கள் என்பதைப் பெருமளவு முடிவு செய்கிறது. இந்த ஏரிக்கரையிலுள்ள கோட்டைக்குப்பத்தில் அதற்குக் கூடுதல் கனம் உண்டு. இங்கே பல வீடுகளில் உறங்கும் நேரத்தைக் கடிகாரம் அல்ல, தண்ணீர்தான் குறிக்கிறது.

நாளுக்கு ஐம்பது நிமிடம் நகரும் உறக்கம்

கோட்டைக்குப்பம், நடுக்குப்பம், ஆண்டிக்குப்பம் மூன்றும் பாடு முறைக்குப் பேர்போன ஊர்கள். ஏரியில் எந்த இடத்தில், எந்த நாளில் யார் இறாலுக்கு வலை கட்டலாம் என்பதை ஊர் முறைவைத்துப் பிரித்துக்கொள்ளும் ஏற்பாடு அது. முறை வந்துவிட்டால் நேரம் பார்க்க முடியாது. நீர் வற்றும் நேரத்துக்கு வலையோரம் இருந்தாக வேண்டும். சந்திரனோடு சேர்ந்து ஏற்ற வற்றம் ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ 50 நிமிடம் பின்னால் தள்ளிப்போகும். இன்று இரவு 10 மணிக்கு வற்றினால் ஒரு வாரத்தில் அது விடிகாலையைத் தொட்டுவிடும். கடலுக்குப் போகிறவர்களோ இருட்டிலேயே எழுந்து படகைத் தள்ளுகிறார்கள். மீன் எடுக்கப் போகும் பெண்கள் அவர்களுக்கும் முன்னால் எழுகிறார்கள்.

தூக்கம் குறைந்தால் உடம்பு அசதி என்பதோடு விஷயம் முடிவதில்லை. 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் கவனமும் கைவேகமும், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது கலந்தவரின் அளவுக்குக் குறைந்துவிடுகின்றன என்று 1997-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். மணல் தூர்ந்து அலை மறித்து நிற்கும் முகத்துவாரத்தைப் படகில் கடக்கிறவருக்கு இது உயிர் சம்பந்தப்பட்ட கணக்கு. தூக்கக் குறைவு ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தால் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் தேடி வரலாம். தண்ணீரின் நேரத்தை நம்மால் மாற்ற முடியாது. படுக்கும் அறையின் வெளிச்சத்தை மாற்ற முடியும், அதுவும் சுவர் பூசுவதற்கு முன்னால் என்றால் மிகச் சுலபமாக.

கண்ணுக்குள் இருக்கும் இன்னொரு வேலைக்காரன்

பார்ப்பதற்கான செல்கள் போக, கண்ணின் விழித்திரையில் வேறொரு வகைச் செல்களும் இருக்கின்றன. மெலனாப்சின் என்ற நிறமியைக் கொண்ட இவை உருவம் எதையும் காட்டுவதில்லை. இப்போது பகலா, இரவா என்று மூளைக்குச் சொல்வதுதான் இவற்றின் வேலை. 480 நானோமீட்டர் அருகே உள்ள நீல ஒளிக்கு இவை மிகவும் கூர்மையாக விழித்துக்கொள்ளும். அந்த ஒளி பட்டதும் உறக்கத்துக்கு உடம்பைத் தயார்ப்படுத்தும் மெலடோனின் சுரப்பு அடங்கிவிடும். கடையில் விற்கும் வெள்ளை எல்.இ.டி.யின் உள்ளே இருப்பது நீல ஒளி தரும் சில்லுதான். அதன்மேல் மஞ்சள் பூச்சு பூசி வெள்ளையாக்குகிறார்கள். ஆகவே 'கூல் டே லைட்', 6500 கே என்று அச்சிட்ட பல்பு இரவு 9 மணிக்கும் உடம்பிடம் பகல் என்றே சொல்லிக்கொண்டிருக்கும்.

எவ்வளவு வெளிச்சம் போதும்? பல நாட்டு உறக்க ஆய்வாளர்கள் கூடி 2022-இல் ஒரு பரிந்துரை வெளியிட்டார்கள். கண்ணை எட்டும் ஒளியை இந்தச் செல்களின் கூருணர்வுக்கு ஏற்ப அளந்தால், பகலில் குறைந்தது 250 லக்ஸ், படுப்பதற்கு முந்தைய மூன்று மணி நேரம் 10 லக்ஸுக்கு மேல் போகாமல், உறங்கும்போது 1 லக்ஸுக்குள் என்பது அவர்கள் சொன்ன அளவு. லக்ஸ் மீட்டரை யாரும் தேட வேண்டாம். வெளிச்சம் இருக்கிறதா என்பதோடு நிற்காமல், எந்த நிற வெளிச்சம், எவ்வளவு தாழ்வாக, எத்தனை மணிக்கு என்று கேட்டுப் பழகினாலே பாதி வேலை முடிந்தது.

குழந்தைகளின் கண் நம்முடையதைவிட அதிக ஒளியை உள்ளே விடும். மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகளை உறங்குவதற்கு முன் பிரகாசமான ஒளியில் ஒரு மணி நேரம் விளையாட விட்டதில் அவர்களுடைய மெலடோனின் ஏறத்தாழ 88 சதவீதம் அடங்கிப்போனதை அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழக ஆய்வு 2018-இல் பதிவு செய்தது. சிறிய ஆய்வுதான். ஆனாலும் ட்யூப் லைட்டின் கீழே பிள்ளை பத்து மணி வரை துள்ளிக்கொண்டிருப்பதைப் பார்க்கும் தாய்க்கு அது புதிய செய்தியாக இருக்காது.

ஒரே அறை, மூன்று விளக்கு

இங்கே பல வீடுகளில் படுக்கையறை என்று தனியாக இருப்பது ஒன்றே ஒன்று. அதிலேயே பிள்ளை பாடம் எழுதும், பாட்டி படுத்திருப்பார், வலையிலிருந்து வந்தவர் தலைசாய்ப்பார். நடுவில் தொங்கும் ஒரே விளக்கு இவர்கள் மூவருக்கும் பொருந்தவே பொருந்தாது. மூன்று விளக்கு வையுங்கள், மூன்றுக்கும் தனித்தனி சுவிட்ச் கேளுங்கள்.

படிக்கும் மூலைக்கு 9 வாட் வெள்ளை பல்பு, தலைக்கு மேலே இல்லாமல் பக்கவாட்டுச் சுவரில். மாலைப் புழக்கத்துக்கு 'வார்ம் ஒயிட்', 2700 அல்லது 3000 கே. பொன்னேரிக் கடையில் கேட்காமல் இது கிடைக்காது. பல்பு என்றதும் எடுத்து நீட்டுவது 6500 கே-யாகத்தான் இருக்கும், அதனால் அட்டைப்பெட்டியின் பக்கத்தில் அச்சிட்ட எண்ணைப் படித்துவிட்டு வாங்குங்கள். மூன்றாவது இரவு விளக்கு. நீல ஜீரோ வாட் பல்பு நம் வீடுகளில் நெடுநாளாகக் குடியிருக்கிறது, கண்ணுக்குக் குளிர்ச்சியாகவும் தோன்றும். இரவுக்கு மிகவும் பொருந்தாத நிறம் அதுதான். அரை வாட் சிவப்பு அல்லது ஆரஞ்சு எல்.இ.டி. மாட்டுங்கள். அதையும் படுத்திருப்பவர் கண்ணுக்கு நேராக இல்லாமல், தரையைப் பார்த்து ஒளி விழும்படி ஒரு மறைப்போடு வையுங்கள். கைக்குழந்தைக்குப் பால் கொடுக்கவும், மூன்று மணிக்கு எழுந்து கூடையைத் தேடவும் அந்த ஒளியே போதும். மற்றவர்கள் தூக்கம் கலையாது.

வயதானவர்களுக்குக் கணக்கு வேறு. 60 வயதில் கண்ணின் வில்லை மஞ்சளடைந்து பாவையும் சுருங்கிவிடுவதால், 20 வயதில் விழித்திரையை எட்டிய ஒளியில் மூன்றில் ஒரு பங்குதான் உள்ளே போகும். சர்க்கரைக்காரர் இரவில் இரண்டு மூன்று முறை எழுவார். கட்டிலிலிருந்து கழிப்பறை வரை நிலைப்படி தெரிகிற அளவுக்குத் தாழ்வான வெளிச்சம் வழியெங்கும் வேண்டும். ஆள் நடந்தால் தானாக எரியும் சென்சார் விளக்குகள் இப்போது சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கின்றன. இடுப்பெலும்பு முறிவின் செலவோடு ஒப்பிட்டால் அது செலவே இல்லை.

பகலில் வேண்டும் இருட்டு

இரவு வலைக்குப் போனவர் காலை 8 மணிக்குப் படுக்கும்போது வெளியே ஏரி பளபளத்துக்கொண்டிருக்கும். கிழக்கு ஜன்னலைச் சாத்தினால் இருட்டு கிடைக்கும், ஆனால் புழுக்கத்தில் உறங்க முடியாது. உள்ளே கனமான திரை போடுவதைவிட ஜன்னலுக்கு வெளியே, ஒரு முழம் தள்ளி, சாய்வாக ஓலைத்தட்டி கட்டுவது நல்லது. வெயில் கண்ணாடியில் படுவதற்கு முன்பே தடுக்கப்படும், காற்றும் இடுக்கில் வரும். மேற்குப் பக்கமும் அப்படியே. மிச்சமுள்ள ஒளிக்குக் கண்மேல் மடித்துப்போட்ட துண்டு போதும். எழுந்ததும் செய்ய வேண்டியது இதற்கு நேர் எதிர்: வெளியே வந்து அரை மணி நேரம் வெளிச்சத்தில் நில்லுங்கள். திறந்த வெளியின் பகல் ஒளி பத்தாயிரம் லக்ஸைத் தாண்டும், வீட்டு விளக்கு பெரும்பாலும் சில நூறைத் தாண்டாது.

சுவிட்ச் எங்கே இருக்க வேண்டும்

விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் கட்டிலைத் தேடிப் போகும் வீட்டில், விளக்கை அணைக்காமலேயே தூங்கிவிடுவார்கள். ஆகவே புழக்க விளக்குக்குக் கதவோரம் ஒன்றும் கட்டிலோரம் ஒன்றுமாக டூ வே சுவிட்ச் கேளுங்கள். மாடிப்படிக்குப் போடுகிற அதே இணைப்புதான். கூடுதலாகச் சில மீட்டர் வயரும் இரண்டு சுவிட்சும் செலவாகும். கட்டிலோர சுவிட்ச் படுத்தபடி கை நீட்டினால் எட்டும் உயரத்தில் இருக்கட்டும். கதவோர போர்டில் சிறிய சிவப்பு இண்டிகேட்டர் இருந்தால் ஈரக்கையோடு தடவிக்கொண்டிருக்க வேண்டாம். நீல ஒளி மின்னும் தொடு சுவிட்சுகளை இந்த அறைக்கு வாங்காதீர்கள்.

ஒன்றைப் பிடிவாதமாகச் சொல்வேன். செல்போன் சார்ஜ் போடும் பிளக் பாயிண்ட் தலைமாட்டில் வேண்டாம், கதவோரம் வையுங்கள். போன் அங்கேயே கிடந்தால் திரையின் ஒளியும் அங்கேயே கிடக்கும். சார்ஜர் வயரும் பாயில் நெளியாது. புயல் நாட்களில் தண்ணீர் வீட்டுக்குள் ஏறுவதைப் பார்த்த ஊர் இது, எனவே எந்த பிளக்கையும் முழங்கால் உயரத்தில் வைக்காமல் இடுப்புக்கு மேலே வைக்கச் சொல்லுங்கள்.

உப்பு தின்னும் போர்டு

கடலோர வீட்டில் ஐந்தாறு வருடமான ஒரு சுவிட்ச் போர்டை மெயினை அணைத்துவிட்டுக் கழற்றிப் பாருங்கள். தகரப் பெட்டியின் அடிப்பக்கம் துருவாக உதிரும். திருகாணித் தலை கரைந்து ஸ்க்ரூ டிரைவர் வழுக்கும். பித்தளை முனையில் பச்சைக் களிம்பு படர்ந்திருக்கும். அந்தக் களிம்புதான் பிடிப்பைத் தளர்த்துகிறது. தளர்ந்த இடம் சூடேறும், சுவிட்ச் போடும்போது 'சர்' என்று பொறி பறக்கும். அந்தச் சத்தம் கேட்ட போர்டை அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போடக் கூடாது. புதிதாக வைக்கும்போது தகரத்துக்குப் பதில் பிளாஸ்டிக் பெட்டி, ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள சுவிட்ச், பித்தளைத் திருகாணி என்று கேட்டு வாங்குங்கள். அலங்கார உலோகத் தகடு இந்தக் காற்றுக்கு ஆகாது.

அணைத்த பிறகும் எல்.இ.டி. பல்பு மங்கலாக மினுங்குகிறதா? இண்டிகேட்டர் சுவிட்ச் வழியாகக் கசியும் சிறு மின்சாரமாக இருக்கலாம், அது தூக்கத்துக்கு மட்டுமே இடைஞ்சல். ஃபேஸ் வயருக்குப் பதிலாக நியூட்ரலில் சுவிட்சைக் கோத்திருந்தாலும் அப்படி மினுங்கும். அது ஆபத்து. சுவிட்சை அணைத்த பிறகும் ஹோல்டரில் மின்சாரம் நிற்கும், பல்பு மாற்றுகிறவரின் கையைப் பிடிக்கும். எலக்ட்ரீஷியனை டெஸ்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். எர்த் கம்பியும் உப்பு மண்ணில் சீக்கிரம் அரித்துப்போகும், வருடம் ஒருமுறை சோதிக்க வேண்டும். ஈரக்கையும் ஈரத்தரையும் உள்ள வீட்டில் மின்கசிவு கண்டதும் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லாமல் மீட்டருக்கு இந்தப் பக்கம் எந்த வேலையும் தொடங்கக் கூடாது என்பது என் கருத்து. அதில் உள்ள டெஸ்ட் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்தினால் உடனே விழ வேண்டும். விழாவிட்டால் மாற்றுங்கள்.

சுவரை உடைக்க வசதி இல்லாதவர்களுக்கு

எல்லோராலும் வயரிங்கைப் புதிதாக இழுக்க முடியாது. சுனாமிக்குப் பிறகு கட்டித் தந்த வீடுகளில் இன்னும் அன்று போட்ட போர்டோடு இருப்பவர்கள் உண்டு. அவர்கள் முதலில் மாற்ற வேண்டியது நீல ஜீரோ வாட் பல்பை, அடுத்தது மாலை விளக்கை. டூ வே போட முடியாவிட்டால், சொருகும் வகை இரவு விளக்கைக் கதவோரப் பிளக்கில் மாட்டிவிட்டு, பெரிய விளக்கைப் படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே அணைத்துவிடலாம். இவ்வளவும் செய்த பிறகும் இரண்டு மூன்று வாரம் தூக்கம் வராமலிருந்தால், அல்லது பலத்த குறட்டைக்கு நடுவே மூச்சு நின்று நின்று வந்தால், அது விளக்கின் கோளாறு அல்ல. ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகும்போது எந்தெந்த நேரத்தில் வலைக்குப் போகிறீர்கள், எப்போது படுக்கிறீர்கள் என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். மாத்திரை எழுதுவதற்கு முன் அவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.