மூன்று தோல்விகளுக்குப் பின் கிடைத்த இதய வால்வு

புதுதில்லி: மருத்துவக் கருவிகளுக்கான தேசியக் கொள்கைக்கு மத்திய அமைச்சரவை 2023 ஏப்ரலில் ஒப்புதல் அளித்தது. இறக்குமதியைக் குறைப்பது அதன் முக்கிய நோக்கங்களில் ஒன்று. அதற்கு என்ன தேவை என்பதைத் திருவனந்தபுரத்தில் உள்ள ஸ்ரீசித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் மற்றும் தொழில்நுட்பக் கழகம் பல ஆண்டுகளுக்கு முன்பே காட்டியிருக்கிறது.

திருவிதாங்கூர் அரச குடும்பம் அளித்த கட்டடத்தில் உருவான இந்நிறுவனம், 1980-ல் நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமானது. மருத்துவமனையும் பொறியியல் ஆய்வும் ஒரே நிர்வாகத்தின் கீழ் இயங்குவது இதன் தனித்தன்மை.

கீல்வாதக் காய்ச்சலால் இதய வால்வு பழுதடைந்த ஏழை நோயாளிகளுக்கு அன்று வெளிநாட்டு வால்வுகள் எட்டாக்கனியாக இருந்தன. அறுவை மருத்துவரும் அப்போதைய இயக்குநருமான எம்.எஸ்.வலியத்தான் உள்நாட்டு வால்வை உருவாக்க முனைந்தார். பூஜப்புரை சாட்டல்மண்ட் அரண்மனையில் அமைந்த ஆய்வுப் பிரிவில், பொறியாளர் ஜி.எஸ்.புவனேஷ்வர் அப்பணியை முன்னின்று நடத்தினார். பின்னாளில் அப்பிரிவுக்கே தலைவரான அவர், சென்னை ஐ.ஐ.டி.யுடனும் இணைந்து பணியாற்றினார்.

இதயம் நாளொன்றுக்குச் சுமார் ஒரு லட்சம் முறை துடிக்கிறது. ஆண்டுக்கு ஏறத்தாழ 3.7 கோடி முறை திறந்து மூட வேண்டிய வால்வில் சிறு விரிசலும் உயிரைப் பறிக்கும். முதல் 3 மாதிரிகளும் சோதனையில் தோற்றன. ஒன்றில் பற்றவைத்த பகுதி முறிந்தது. மற்றொன்றில் டைட்டேனியம் தேய்ந்தது. இன்னொன்றில் செயற்கை நீலக்கல் தட்டு உடைந்தது. கோபால்ட்-குரோமியம் கலவைச் சட்டத்தில் பாலிஎத்திலீன் தட்டு பொருத்திய நான்காவது மாதிரியே வென்றது. 1990 டிசம்பர் 6-ல் அது முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. 300-க்கும் மேற்பட்டோரிடம் நடந்த மருத்துவப் பரிசோதனைக்குப் பின், சென்னையைச் சேர்ந்த டி.டி.கே. குழுமத்தின் தயாரிப்பாக அது விற்பனைக்கு வந்தது. இதுவரை ஒரு லட்சத்துக்கும் அதிகமானோருக்குப் பொருத்தப்பட்டுள்ளது.

2005-ல் பத்ம விபூஷண் பெற்ற வலியத்தான் 2024 ஜூலையில் காலமானார். அவர் விட்டுச்சென்ற அனுபவம் இன்றைய கொள்கை வகுப்போருக்கு உதவ வேண்டும். 1970-களின் இறுதியில் தொடங்கிய முயற்சி நோயாளியைச் சென்றடைய 10 ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. முதல் மாதிரி முறிந்தபோதே நிதி நிறுத்தப்பட்டிருந்தால் இந்த வால்வு கிடைத்திருக்காது. ஆண்டுதோறும் மானியக் கோரிக்கைகளை விவாதிக்கும் உறுப்பினர்கள், ஆய்வுத் திட்டங்களுக்கு எத்தனை ஆண்டு அவகாசம் தரப்படுகிறது, தோல்விக்குப் பிறகும் நிதி தொடருமா என்ற கேள்விகளை அரசிடம் எழுப்ப வேண்டும்.