தலைக்கவசத்தின் பயன்

மண்டையோடு மூளைக்கு இயற்கை அளித்த காப்பு. எனினும் வேகமாக நிலத்தில் மோதுங்கால் அதுவொன்றே போதாது.

1935ஆம் ஆண்டு மே மாதத்தில், 'அரேபியாவின் லோறன்ஸ்' எனப் புகழ்பெற்றவர், துவிச்சக்கரவண்டியிற் சென்ற சிறுவர் இருவரை இடித்துவிடாது விலக முயன்று, மோட்டார்ச் சைக்கிளினின்றும் வீழ்ந்து, ஆறு நாட்களின் பின் தலைக்காயத்தால் உயிர்துறந்தார். அவர் தலைக்கவசம் அணிந்திலர். அவரைப் பார்வையிட்ட மருத்துவருள் ஒருவரான ஹியூ கெயர்ன்ஸ், இத்தகைய மரணங்களை ஆராய்ந்து, 1941இல் கவசத்தின் பயனை எடுத்துக்காட்டினார். அவ்வாண்டே பிரித்தானியத் தரைப்படை தன் மோட்டார்ச் சைக்கிளோட்டிகளுக்கு அதனைக் கட்டாயமாக்கிற்று. துவிச்சக்கரவண்டியோட்டிகளுக்கு அவ்வாறே 1990இல் விதித்தது அவுஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம்.

துவிச்சக்கரவண்டிக் கவசத்தின் உள்ளமைந்த நுரைப்படை நசுங்கி, மோதலின் வலுவைத் தான் ஏற்கின்றது. நசுங்கிய படை மீளாது. ஆதலின் ஒருமுறை அடிபட்ட கவசத்தை மீண்டும் அணிதலாகாது. நாடிப்பட்டி தளர்ந்திருத்தலுங் கூடாது.

கவசம் காயத்தைக் குறைக்கும். விபத்தைத் தவிர்ப்பது ஓட்டுவோரின் நிதானமே.