படுத்த தொழிலாளி எழுந்து நடக்கணும்!
வீடு தேடி வரும் பயிற்சி மட்டும் போதுமா?

மரக்காணம் உப்பளத்தில் பிழைப்பவருக்குக் கையும் காலும்தான் முதலீடு. அவருக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டால்? கவனிக்க மனைவியும் வீட்டில் நிற்க வேண்டும். படுப்பது ஒருவர், கூலி போவது இரண்டு பேருக்கு!

ஆஸ்பத்திரியில் உயிர் பிழைத்தாலும், உண்மையான சோதனை வீட்டில்தான். முதல் சில மாதப் பயிற்சிக்குத்தான் பலன் அதிகம். விட்டால் மூட்டு இறுகும், படுக்கைப் புண் வரும்.

2021 ஆகஸ்டு 5-ந் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் மு.க.ஸ்டாலின் தொடங்கி வைத்த 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரையோடு பிசியோதெரபியும் வீட்டுக்கே வந்தது. 2024-ல் ஐ.நா. விருதும் கிடைத்தது.

ஆனால் ஒன்றியத்துக்கு ஒரு பிசியோதெரபிஸ்ட் என்பதே திட்டத்தின் கணக்கு. மரக்காணம் ஒன்றியத்திலோ 50-க்கும் மேற்பட்ட ஊராட்சிகள். ஒரே ஆள் எத்தனை வீட்டுக்குத்தான் ஓடுவார்?

அதனால், எத்தனை தடவை வந்தார் என்பதோடு, என்ன சொல்லிக் கொடுத்தார் என்றும் பார்க்கணும். புரட்டிப் படுக்க வைப்பது, உட்கார வைப்பது, கைத்தாங்கலாக நிறுத்துவது எல்லாம் வீட்டாருக்குத் தெரிந்தால் தினமும் பயிற்சி நடக்கும்.

இங்கிலாந்தில் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்புவோருக்கு 6 வாரம் வரை இப்படி இலவச உதவி உண்டு. ஊட்டிவிடுவது அல்ல, தானே சாப்பிட வைப்பதுதான் அங்கே குறி.

இங்கே "பாவம், நீ படுத்துக்கோ" என்கிறோம். அந்தப் பாசமே வினையாகிறது!

கட்டிலிலிருந்து கொல்லைப்புறம் வரை துணையின்றிப் போய் வரட்டும். அன்றைக்குத்தான் மனைவி மறுபடி உப்பளத்துக்குக் கிளம்ப முடியும்.