சிருஷ்டியின் நியமங்கள்

கற்பனைக்குக் கடிவாளம் கிடையாது என்றும், விஞ்ஞானத்துக்கோ கடிவாளமே உயிர் என்றும், ஆகையால் முன்னதில் திளைப்பவர் பின்னதில் தேறமாட்டார் என்றும் ஓர் அபிப்பிராயம் நம் வீடுகளில் நெடுநாளாக வேரூன்றிக் கிடக்கிறது. அந்த அபிப்பிராயத்தைப் பரீட்சித்துப் பார்ப்பதற்கு இக்காலத்து இளைஞர் சிலருடைய பொழுதுபோக்கைப் போல் வாய்ப்பான விஷயம் வேறொன்றில்லை. பகலில் கல்லூரிக்கோ டெக்னோபார்க்குக்கோ போய்வந்து, இரவில் கணினித் திரையின் முன் அமர்ந்து, நேரில் கண்டிராத தோழர்களோடு சேர்ந்து இல்லாத ஒரு நாட்டின் சேனாதிபதியாகவோ வைத்தியனாகவோ வேஷம் பூண்டு, அந்தப் பாத்திரத்தின் வாய்மொழியாலேயே கதையை வளர்த்துச் செல்கிறார்கள். அந்த நாட்டுக்கு மலையும் நதியும் ராஜவம்சங்களும் வகுத்துத் தேசப்படம் வரைகிறார்கள். விடுமுறை நாளில் அதே மேஜைமீது கணினியின் உதிரிபாகங்களைப் பரப்பி, ஸ்க்ரூடிரைவரும் கையுமாக ஒரு யந்திரத்தைத் தாமே கூட்டி முடிக்கிறார்கள். ‘ரோல்ப்ளே’, ‘வேர்ல்டு பில்டிங்’, ‘பி.சி. பில்ட்’ என்று அவர்கள் வழங்கும் இம்மூன்றும் வெவ்வேறு பித்துகள் என்றே பெற்றோர் எண்ணுகின்றனர். ஆராய்ந்து பார்த்தால் மூன்றும் ஒரே வித்தைதான். சில நியமங்களை ஏற்றுக்கொண்டு, அவற்றிலிருந்து தவிர்க்கவொண்ணாமல் விளையும் பலன்களைப் பொறுமையோடு பின்தொடரும் வித்தை.

திருவனந்தபுரத்து வலியசாலையில் நின்று இதைச் சிந்திப்பது பொருத்தமாகவே இருக்கும். சாலைக் கடைத்தெருவின் இரைச்சலுக்குச் சற்று அப்பால், மகாதேவர் கோயிலை அண்டித் தமிழ் அக்கிரகாரங்கள் அமைந்திருக்கும் இந்தப் பகுதியை, ராஜராஜ சோழனுடைய மெய்க்கீர்த்தியில் புகழ்பெற்ற காந்தளூர்ச் சாலை என்னும் கல்விச்சாலையின் இடமாகக் கருதும் ஆராய்ச்சியாளர் பலர் உண்டு. அந்தச் சாலையைக் கண்முன் நிறுத்த முற்படும் சரித்திர ஆசிரியர், 9-ஆம் நூற்றாண்டில் ஆய் மன்னன் கருநந்தடக்கன் பார்த்திவசேகரபுரத்தில் நிறுவிய மற்றொரு சாலையின் செப்பேட்டையே துணைக்கொள்கிறார். காந்தளூரை முன்மாதிரியாகக் கொண்ட அந்தச் சாசனம், 95 சட்டர்களுக்கு, அதாவது மாணாக்கர்களுக்கு, இடம் வகுத்ததோடு நில்லாமல், அவர்கள் ஆயுதத்தோடு அவைக்கு வருவது போன்ற குற்றங்களுக்குத் தண்டமும் விதிக்கிறது. ஆயுதத்துக்குத் தண்டம் இருந்ததென்றால் ஆயுதமும் இருந்திருக்க வேண்டும் என்று ஊகிக்கும் கணத்திலேயே, மறைந்துபோன ஒரு சமுதாயம் நம் மனத்தில் நடமாடத் தொடங்கிவிடுகிறது. நியமத்திலிருந்து உலகத்தை மீட்பது சரித்திரக்காரன் தொழில். நியமத்தை இட்டு உலகத்தை உண்டாக்குவது கற்பனைக்காரன் தொழில். இரண்டிலும் அனுமானத்தின் பாதை ஒன்றே. திசை மட்டும் வேறு.

உலகம் உண்டாக்கும் விளையாட்டு இத்தெருக்களுக்குப் புதிதுமன்று. நவராத்திரி வந்துவிட்டால், பத்மநாபபுரத்துச் சரஸ்வதியும் வேளிமலைக் குமாரசுவாமியும் சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையும் எழுந்தருளும் இதே நகரத்தில், கொலுப்படிக்குக் கீழே மணலைப் பரப்பி, கேழ்வரகை முளைக்கவிட்டு வயலாக்கி, கண்ணாடித் துண்டைக் குளமாக்கி, மலையும் பாதையும் கடைவீதியும் அமைக்கும் வழக்கம் உண்டு. இங்கிலாந்தில் 1826-ஆம் ஆண்டு பிரான்டி குடும்பத்துச் சிறுவனுக்குத் தந்தை வாங்கி வந்த பன்னிரண்டு மரச் சிப்பாய்களிலிருந்து, அவனும் அவன் சகோதரிகளும் ஆங்கிரியா, கோண்டால் என்னும் இரு கற்பனை தேசங்களையே எழுப்பினார்கள். அச்சகோதரிகள்தாம் பின்னாளில் ஆங்கில நாவலின் சிகரங்களாக விளங்கிய ஷார்லட், எமிலி, ஆன் ஆகிய மூவர். இத்தகைய குழந்தைப் பருவத்து உலகங்களை உளவியலார் ‘பாராகாஸம்’ என்பர். மிஷெல், ராபர்ட் ரூட்-பெர்ன்ஸ்டைன் தம்பதியர், மக்ஆர்தர் விருது பெற்ற மேதைகளையும் சாதாரணக் கல்லூரி மாணவர்களையும் ஒப்பிட்டு 2006-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், இளமையில் கற்பனை உலகம் அமைத்தவர்கள் மேதைகளிடையே ஏறக்குறைய இரு மடங்கு மிகுதி எனக் கண்டனர். இலக்கியக்காரர் மட்டுமின்றி விஞ்ஞானிகளும் அவர்களுள் அடங்குவர் என்பதே நாம் கவனிக்கத்தக்கது. சென்னையில் பிறந்த ஆர்.கே. நாராயண் 1935-இல் அறிமுகப்படுத்திய மால்குடிக்கும் சரயு நதி உண்டு, மெம்பி மலைக்காடு உண்டு. பல நாவல்களில் அந்த நதி இடம் மாறாமல் ஓடியதனாலன்றோ வாசகர்கள் அந்த ஊருக்கு ரயில் ஏறிப் போய்விடலாம் என்று நம்பினார்கள்!

ஆனால் நதியை விரும்பிய இடத்தில் வரைந்துவிட முடியாது. கற்பனை நாட்டுக்குப் படம் வரையும் இளைஞன் முதலில் இடறுவது இங்கேதான். ஒரு நதி பல கிளைகளாகப் பிரிந்து கடலை அடைவது கழிமுகத்தைத் தவிர வேறிடத்தில் அபூர்வம். சிற்றாறுகள் பேராற்றில் வந்து கலப்பதே பொதுவிதி. நீர் தாழ்ந்த வழியையே நாடுமாதலால், பிரிந்த நீரும் நாளடைவில் ஆழமான ஒரே கால்வாய்க்குள் அடங்கிவிடுகிறது. வலியசாலைக்கு அருகே ஓடும் கிள்ளியாறு கரமனையாற்றோடு சேர்வதைப் பார்த்தவனுக்கு இந்தப் பாடத்துக்குப் புத்தகம் தேவையில்லை. மழையின் விதியோ இன்னும் கண்டிப்பானது. அரபிக்கடலின் ஈரத்தைச் சுமந்து வரும் தென்மேற்குக் காற்று, 1,868 மீட்டர் உயரமுள்ள அகஸ்தியமலையை உள்ளிட்ட மலைத்தொடரில் ஏறும்போது விரிந்து குளிர்கிறது. குளிர்ந்த காற்றால் பழைய அளவு நீராவியைத் தாங்க இயலாமையால், அது மேற்குச் சரிவிலேயே மழையாகக் கொட்டிவிடுகிறது. மலையைத் தாண்டிக் கீழிறங்கும் காற்று மீண்டும் அமுங்கி உஷ்ணமடைந்து வறண்டுபோகிறது. ஆகவே திருவனந்தபுரம் ஆண்டுக்குச் சுமார் 1,800 மில்லிமீட்டர் மழை பெற, மலைக்கு அப்பாலுள்ள திருநெல்வேலி அதில் பாதியைக்கூட எட்டுவதில்லை. அதே மலையில் பிறந்து மேற்கே நெய்யாறும் கிழக்கே தாமிரபரணியும் ஓடுகின்றன. இத்தனையையும் தன் படத்தில் ஏற்றிய இளைஞன், மலைக்கு ஒரு புறத்தில் மிளகும் மறுபுறத்தில் பருத்தியும் விளைய வேண்டும் என்றும், இரண்டையும் மாற்றிக்கொள்ள ஒரு கணவாய் வேண்டும் என்றும், அந்தக் கணவாயில் சுங்கம் வாங்க ஒரு சிற்றரசன் தோன்றியே தீருவான் என்றும் தானே கண்டுகொள்கிறான். கதை அங்கே பிறக்கிறது.

கையால் வரையாமல் கணிதத்தாலேயே நிலத்தைச் சிருஷ்டிக்கும் மார்க்கமும் உண்டு. 1967-இல் பெனுவா மாண்டல்பிராட், பிரிட்டனின் கடற்கரை எவ்வளவு நீளம் என்று கேட்டு, அளவுகோல் சிறுக்கச் சிறுக்க அந்த நீளம் பெருகிக்கொண்டே போகும் என்று எடுத்துக்காட்டினார். சிறு பகுதியில் காணும் கரடுமுரடு பெரும் பகுதியிலும் அவ்வண்ணமே தென்படும் இந்த இயல்பிலிருந்து, மலைகளையும் கரைகளையும் யந்திரத்தால் வரைவிக்கும் கலை வளர்ந்தது. 1980-களில் கென் பெர்லின் வகுத்த முறை, தாறுமாறான எண்களை மென்மையாக இணைத்து மேடுபள்ளமாக்க வல்லது. திரைப்படங்களுக்கு அது செய்த உபகாரத்துக்காக 1997-இல் அவருக்கு ஆஸ்கர் அகாடமி தொழில்நுட்ப விருதளித்தது. அந்த விருதுக்கு வெகுமுன்பே, 1984-இல் வெளிவந்த ‘எலீட்’ என்ற விளையாட்டில், டேவிட் பிரேபனும் அயன் பெல்லும் வெறும் 32 கிலோபைட் நினைவகமுள்ள கணினியில் எட்டு அண்டங்களை, ஒவ்வொன்றிலும் 256 நட்சத்திரங்களாக, அடக்கிக் காட்டினர். நட்சத்திரங்களின் பட்டியலை அவர்கள் சேமித்துவைக்கவில்லை. சில பைட்டுகளே கொண்ட ஒரு விதையெண்ணையும் அதைப் பெருக்கும் சூத்திரத்தையுமே வைத்தார்கள். அதே விதை எப்போதும் அதே அண்டத்தையே தந்தது.

இனி வேஷம் பூணுவதைக் கவனிப்போம். கேரளத்துக் கூடியாட்டத்தில் ராவண வேஷம் தரித்த நடிகனே, உடையின் ஓரத்தை இடுப்பில் செருகிக்கொண்ட மாத்திரத்தில் பார்வதியாக மாறி அபிநயிக்கிறான். ‘பகர்ந்நாட்டம்’ எனும் இந்த மாற்றம் சபையோருக்குக் குழப்பம் தராததற்குக் காரணம், அந்தச் செருகலின் பொருளை எல்லோரும் முன்னரே ஒப்புக்கொண்டிருப்பதுதான். 1978-இல் இங்கிலாந்தின் எஸ்ஸெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் டிரப்ஷா தொடங்கி ரிச்சர்டு பார்ட்டில் விரிவாக்கிய ‘மட்’ என்ற விளையாட்டில் சித்திரமே கிடையாது. எழுத்துகளால் ஆன அறைகளும் வாயில்களும், பலர் ஒரே சமயத்தில் உலாவ இயலும் ஏற்பாடும் மட்டுமே இருந்தன. இன்றைய இணைய வேஷ விளையாட்டுகளின் மூதாதை அதுவே. அதற்கு நான்காண்டு முன்பு அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் வெளியிட்ட ‘டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்’, பாத்திரத்தின் பலத்தையும் புத்தியையும் மூன்று பகடைகளைக் கொண்டு நிர்ணயிக்கச் சொன்னது. மூன்று பகடைகள் விழும் வகைகள் 216. அவற்றில் கூட்டுத்தொகை 18 வருவது ஒரே வகையிலும், 10 வருவது 27 வகைகளிலும் ஆகும். எனவே அந்த உலகில் சாமான்யர் மலிந்தும் மகாவீரர் அருகியும் காணப்படுவர். மாறாக, இருபது முகங்கொண்ட ஒற்றைப் பகடையை உருட்டினால் உச்சமும் நடுவும் சமமாகவே வரும். எந்தப் பகடை என்று தீர்மானிப்பவன், தன் தேசத்தில் எத்தனை வீரர் பிறக்கலாம் என்பதையே தீர்மானித்துவிடுகிறான். நிகழ்தகவுக் கணிதத்தைப் பாடப்புத்தகத்தில் வெறுத்தவரும் இங்கே விரும்பிக் கற்கின்றனர்.

இந்த உலகங்களையெல்லாம் தாங்கும் கணினியைக் கூட்டுவதிலோ, நியமத்தை மீறினால் புகையே கிளம்பும். அங்கே முதல் எதிரி உஷ்ணம். பிராசஸர் உண்ணும் மின்சாரம் அத்தனையும் முடிவில் வெப்பமாகவே வெளிப்படுகிறது. சில சதுர சென்டிமீட்டர் பரப்பில் 100 வாட் வெளிப்பட்டால், துணி தேய்க்கும் இஸ்திரிப்பெட்டியின் அடித்தட்டைவிடச் சதுர சென்டிமீட்டருக்குப் பல மடங்கு வெப்பம் அங்கே செறிந்திருக்கும். அதை அகற்றுவதற்கு மேலே உலோகத் தகட்டையும் விசிறியையும் பொருத்துகிறார்கள். ஆனால் வழுவழுப்பாகத் தோன்றும் இரு உலோகப் பரப்புகளுக்கிடையே கண்ணுக்குத் தெரியாத பள்ளங்கள் உள்ளன. அவற்றில் அடைபடும் காற்றோ வெப்பத்தைக் கடத்துவதில் மிக மந்தமானது. காற்றைவிட நூறு மடங்குக்கு மேல் கடத்தும் தெர்மல் பேஸ்டைத் தடவி அப்பள்ளங்களை நிரப்புவது இதற்காகவே. அதைத் தாராளமாக அப்புவதும் பிழை; பேஸ்டின் கடத்துதிறன் செம்பினுடையதற்கு வெகுவாகக் குறைந்ததாகையால், அடுக்கு மெல்லியதாக இருத்தல் அவசியம். எத்தனை பெரிய விசிறியும் அறையின் உஷ்ணத்துக்குக் கீழே யந்திரத்தைக் குளிர்விக்காது. ஆகையால் சித்திரை மாதத்துத் திருவனந்தபுரத்தில் 34 டிகிரி உள்ள அறையில் கூட்டிய கணினி, 20 டிகிரியுள்ள குளிர்நாட்டு அறையில் இருப்பதைவிட 14 டிகிரி மேலேயே நிற்கும். வெளிநாட்டுக் காணொளியைப் பார்த்துக் கூட்டுபவர் நினைவில் வைக்க வேண்டிய கணக்கு இது. வீட்டின் 230 வோல்ட்டை 12, 5, 3.3 வோல்ட்டுகளாக மாற்றித் தரும் எஸ்.எம்.பி.எஸ்.ஸைத் தேர்ந்தெடுப்பதும் அவ்வாறே: பிராசஸர், கிராபிக்ஸ் கார்டு முதலியவற்றின் வாட்டுகளைக் கூட்டி, அதற்குமேல் தாராளமாக இடம் விட்டு வாங்க வேண்டும். துலாவர்ஷம் என்னும் வடகிழக்குப் பருவமழைக் காலத்து மாலை இடிமின்னல் பிரசித்தமான இந்த நாட்டில், எர்த் இணைப்பு சரியாக இருக்கிறதா என்று முதலில் பார்க்காதவனுடைய உலகம் ஒரு மின்னல்வெட்டில் பிரளயம் காணும்.

இந்தப் பொழுதுபோக்கால் உலகுக்கு என்ன லாபம் என்று கேட்பவருக்கு ஒரு சரித்திரமே பதிலாகும். விளையாட்டுச் சித்திரத்தின் லட்சக்கணக்கான புள்ளிகளுக்கு ஒரே மாதிரியான கணக்கை ஏககாலத்தில் போட வேண்டியிருந்ததால், கிராபிக்ஸ் கார்டில் எளிய கணக்கு அலகுகளை நூற்றுக்கணக்கில் பக்கம் பக்கமாக அமைக்க நேர்ந்தது. 2012-இல் டொரன்டோவில் அலெக்ஸ் கிரிஷெவ்ஸ்கி, இல்யா சட்ஸ்கீவர், ஜெஃப்ரி ஹின்டன் ஆகியோர், விளையாட்டுக்காரருக்கென்று விற்ற அத்தகைய இரண்டு கார்டுகளில் ஒரு நரம்பணி வலையைப் பயிற்றி, படங்களை இனங்காணும் போட்டியில் மற்ற முறைகளை வெகுதூரம் பின்தள்ளினர். இன்றைய செயற்கை நுண்ணறிவின் பெருக்கு அந்த வெற்றியிலிருந்து வேகங்கொண்டது.

இவ்விநோதத்தில் அபாயம் இல்லையென்று சாதிக்க வேண்டுவதில்லை. படிப்பையும் உறக்கத்தையும் உறவையும் பறிக்கும் அளவுக்கு விளையாட்டு ஓராண்டுக்குக் குறையாமல் ஒருவரை ஆட்கொண்டிருந்தால், அதை ஒரு கோளாறாகவே உலக சுகாதார நிறுவனத்தின் 2022-ஆம் ஆண்டு முதல் அமலிலுள்ள நோய்ப்பட்டியல் கணிக்கிறது. முகம் தெரியாதவரோடு பழகும் சிறார் தம் மெய்ப்பெயரையும் விலாசத்தையும் காத்துக்கொள்வதும் இன்றியமையாதது. எனினும், பயன்படுத்துவோனின் அத்துமீறலை வித்தையின் குற்றமாக்குவது நியாயமாகாது.

இவ்வித்தையின் பலத்துக்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. பம்பாய் டாடா ஆராய்ச்சி நிலையத்தில், சென்னையில் பிறந்த ஆர். நரசிம்மன் தலைமையில் ஓர் இளைஞர் குழு ‘டிஃப்ராக்’ என்ற கணினியை 1950-களின் இறுதியில் உருவாக்கி முடித்தபோது, அவர்களுள் பெரும்பாலோர் அதற்குமுன் கணினி எதையும் கையாண்டவரல்லர். நியமங்களைத் தெரிந்திருந்தார்கள், அதுவே போதுமானதாயிற்று. அதற்குப்பின் நெடுங்காலம் நாம் பிறர் வகுத்த பிராசஸர்களை வாங்கிப் பொருத்துவோராகவே இருந்தோம். 2010-இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் தோன்றிய ‘ரிஸ்க்-ஃபைவ்’ என்னும் கட்டளைத் தொகுதி, உரிமைக் கட்டணம் இன்றி எவரும் கையாளலாம் என்று திறந்துவைக்கப்பட்டதால் நிலைமை மாறியது. சென்னை ஐ.ஐ.டி. அதைக்கொண்டு ‘சக்தி’யைப் படைத்தது. வலியசாலையிலிருந்து சிறிது தூரத்திலேயுள்ள வெள்ளயம்பலத்தின் சி-டாக் நிலையம் ‘வேகா’ என்னும் பிராசஸர் வரிசையை வடிவமைத்து, அவ்வரிசையில் ‘தேஜஸ்32’ என்ற சில்லையும், அதைத் தாங்கிய ‘ஏரீஸ்’ பலகைகளையும் கற்போர் கையில் சேர்த்திருக்கிறது. 100 மெகாஹெர்ட்ஸ் வேகமும் 256 கிலோபைட் நினைவகமும் கொண்ட அது, பெரிய விளையாட்டுகளை நடத்தும் யந்திரமன்று. ஆயினும் ‘எலீட்’டின் எட்டு அண்டங்களும் அடங்கியதைப்போல் எட்டு மடங்கு இடம் அதில் இருக்கிறது.

வேஷத்துக்குக் கீழே உலகம், உலகத்துக்குக் கீழே நிரல், நிரலுக்குக் கீழே கட்டளைத் தொகுதி, அதற்கும் கீழே மின்னோட்டம் என்று இந்த வித்தை அடுக்கடுக்காக அமைந்திருக்கிறது. ஒவ்வோர் அடுக்கின் சுதந்திரமும் அதற்கடுத்த அடுக்கின் நியமத்தால் கிடைத்தது. மேலடுக்கில் விளையாடும் பிள்ளையைப் பிடித்திழுத்துப் புத்தகத்தின் முன் உட்கார்த்துவதற்கு முன்பு, அவன் நாட்டின் நதி எந்த மலையில் பிறக்கிறது என்று பெற்றோர் ஒருமுறை கேட்டுப் பார்க்கட்டும். காரணத்தோடு பதில் வருமானால், அடுத்த அடுக்குக்கு இறங்கும் படியை அவன் தானே தேடிக்கொள்வான். அந்தப் படி இன்று இதே ஊரில், விலைக்குக் கிடைக்கும் ஒரு சிறு பலகையாகவே இருக்கிறது.