வாதத்தில் இறுகிப்போன கைக்கு ஓர் ஊசி



பாரிசவாயு என்றும், வாதம் என்றும், ஸ்ட்ரோக் என்றும் நாம் சொல்லும் நோய் நம் சனங்களுக்குப் புதிதல்ல. ரத்தக் கொதிப்பும் இனிப்பு நீரும் உள்ள வீடுகளில் இந்தப் பயம் எப்போதும் இருக்கிறது. வாதம் அடித்த அன்றைக்கு லயமே கூடி ஓடுகிறது. ஆம்புலன்ஸ், வார்டு, ஸ்கேன், மருந்து என்று எல்லாம் நடக்கிறது. ஆனால் ஆள் உயிர் பிழைத்து வீட்டுக்கு வந்து இரண்டு மூன்று மாதம் போன பிறகு இன்னொன்று நடக்கிறதே, அதைப் பற்றிப் பெரும்பாலான வீடுகளில் டாக்டரிடம் வாய் திறப்பதே இல்லை.

முதலில் துவண்டு கிடந்த கை மெல்ல மெல்ல இறுக ஆரம்பிக்கிறது. முழங்கை மடங்கி நெஞ்சோடு ஒட்டிக்கொள்கிறது. மணிக்கட்டு உள்பக்கம் வளைகிறது. விரல்கள் முஷ்டியாக மூடி, கட்டைவிரல் உள்ளே மாட்டிக்கொள்கிறது. கால் விறைத்து, பாதம் கீழ்நோக்கி உள்பக்கம் திரும்புகிறது. "கை இழுத்துக்கிச்சு, இனிமே அவ்வளவுதான்" என்று வீட்டார் விட்டுவிடுகிறார்கள்.

அப்படி விட்டுவிட வேண்டியதில்லை. இந்த இறுக்கத்தைத் தளர்த்த ஓர் ஊசி இருக்கிறது. அதன் பெயர் போட்டுலினம் டாக்ஸின். அது என்ன செய்யும், என்ன செய்யாது, யாரிடம் போய்க் கேட்பது என்பதைத்தான் இம்முறை எழுதுகிறேன்.

ஏன் இறுகுகிறது?

நம் தசைகளை நேரடியாக வேலை வாங்குவது முதுகுத்தண்டில் உள்ள நரம்புகள். அந்த நரம்புகளுக்கு மேலேயிருந்து உத்தரவு போடுவது மூளை. மூளை "போ" என்று மட்டும் சொல்வதில்லை, "நில்லு, அடங்கு" என்றும் சொல்லிக்கொண்டே இருக்கிறது. தோட்டத்து லோரி மேட்டிலிருந்து இறங்கும்போது டிரைவர் பிரேக்கில் காலை வைத்திருப்பது போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மூளையின் ஒரு பக்கத்தில் ரத்தக் குழாய் அடைத்தாலோ வெடித்தாலோ, உடம்பின் மறுபக்கத்துக் கை கால் பாதிக்கப்படுகிறது. நாளாக ஆக, பிரேக் இல்லாத லோரியைப் போல அந்தத் தசைகள் அடங்காமல் இழுத்துக்கொள்கின்றன. கையை வேகமாகப் பிடித்து நீட்டப் பார்த்தால் இன்னும் முரட்டுத்தனமாக இழுக்கும். நோயாளி பிடிவாதம் பிடிக்கிறார் என்று சிலர் கோபப்படுவதுண்டு. பாவம், அவர் வேண்டுமென்று செய்வதில்லை.

இந்த இறுக்கத்தால் வரும் தொல்லை சின்னதல்ல. மூடிய உள்ளங்கையைக் கழுவ முடியாது. வியர்வை சேர்ந்து நாற்றம் எடுக்கும், தோல் வெந்து புண்ணாகும். நகம் உள்ளங்கையில் குத்தும். அக்குளைத் துடைக்க முடியாது. சட்டைக் கை ஏற மறுக்கும். ராத்திரியில் வலி தூங்கவிடாது. பார்த்துக்கொள்ளும் மனைவிக்கோ மகளுக்கோ தினமும் இது ஒரு போராட்டம். அப்படியே பல மாதம் விட்டால் தசையும் மூட்டும் சுருங்கி நிலைத்துப் போகும். அதன் பிறகு இந்த ஊசியாலும் நீட்ட முடியாது. ஆகவேதான் காலம் தாழ்த்தக் கூடாது என்கிறேன்.

விஷம் மருந்தான கதை

"டாக்ஸின் என்றால் விஷமாமே!" என்று சிலர் பயப்படலாம். பயம் நியாயமானதுதான், உண்மையில் அது விஷமே. 1820ஆம் ஆண்டுவாக்கில் ஜெர்மனியில் யுஸ்டினுஸ் கெர்னர் என்ற டாக்டர், கெட்டுப்போன சாசேஜ் தின்று தசை செயலிழந்து மாண்டவர்களைப் பற்றி ஆராய்ந்து எழுதினார். போட்டுலஸ் என்றால் லத்தீன் மொழியில் சாசேஜ். அந்த விஷத்தைக் கொடுக்கும் கிருமியை எமில் வான் எர்மெங்கம் என்ற பெல்ஜிய விஞ்ஞானி கண்டுபிடித்து 1897இல் வெளியிட்டார்.

அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் ஆலன் ஸ்காட் என்ற கண் டாக்டர், இதே விஷத்தை மிக மிகக் குறைந்த அளவில் சுத்தமாக எடுத்து, மாறுகண் உள்ளவர்களின் கண் தசையில் போட்டுப் பார்த்தார். அதன் பலனை 1980இல் வெளியிட்டார். 1989இல் அமெரிக்க அரசாங்கம் அதை மருந்தாக அனுமதித்தது. வாதத்தால் இறுகிய கைக்கு அங்கே 2010இல் அனுமதி கிடைத்தது. முகச் சுருக்கத்தைப் போக்கப் பணக்காரர்கள் போட்டுக்கொள்ளும் போடோக்ஸ் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அதுவும் இந்த மருந்தேதான்.

வேலை செய்யும் விதம் இதுதான். நரம்பின் நுனியிலிருந்து ஒரு ரசாயனம் சுரந்தால்தான் தசை இழுக்கும். எந்தத் தசையில் ஊசி போடுகிறார்களோ, அங்கே மட்டும் இந்த மருந்து அந்தச் சுரப்பைத் தடுத்துவிடுகிறது. தசை தளர்கிறது. ஊசி போட்ட உடனே ஒன்றும் தெரியாது. சில நாள் முதல் ஒரு வாரம் வரை பொறுக்க வேண்டும். நாலு முதல் ஆறு வாரத்தில் நல்ல தளர்ச்சி தெரியும். மூன்று நாலு மாதத்தில் நரம்பு மறுபடி வேலை செய்யத் தொடங்கி, மருந்தின் பலம் குறைந்துவிடும். தேவைப்பட்டால் திரும்பவும் போடலாம், ஆனால் 12 வாரத்துக்கு முன்னால் போடமாட்டார்கள்.

என்ன எதிர்பார்க்கலாம்?

இதை எல்லாரும் கவனமாகப் படிக்க வேண்டும். "ஊசி போட்டா அப்பா மறுபடியும் உளி பிடிச்சு மரம் சீவுவாரா?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். ஊசி இறுக்கத்தைத்தான் எடுக்கும். மூளையில் போன பலத்தை அது திருப்பித் தராது.

2002இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆராய்ச்சியில், வாதத்தால் மணிக்கட்டும் விரலும் இறுகிய 126 பேரைச் சேர்த்தார்கள். ஒரு சாராருக்கு மருந்து ஊசி, மற்றவர்களுக்கு மருந்தில்லாத வெறும் ஊசி. மருந்து போட்டவர்களுக்கு இறுக்கம் குறைந்தது. கை கழுவுவது, உடுத்துவது, வலி, கை இருக்கும் நிலை ஆகியவற்றில் எது தங்களுக்குப் பெரிய தொல்லை என்று சொன்னார்களோ, அதில் முன்னேற்றம் தெரிந்தது. பிரிட்டனில் 333 பேரை வைத்து நடத்தி 2011இல் வெளியிட்ட ஆராய்ச்சி இன்னும் தெளிவாகச் சொல்கிறது. அங்கே எல்லாருக்கும் ஒரே மாதிரி உடற்பயிற்சி கொடுத்து, ஒரு பகுதியினருக்கு மட்டும் ஊசியும் போட்டார்கள். பொருளை எடுப்பது, பிடிப்பது போன்ற கை வேலையில் ஒரு மாதம் கழித்து இரு சாராருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் கையைச் சுத்தம் செய்வது, உடை மாட்டுவது ஆகியவை ஊசி போட்டவர்களுக்குச் சுலபமாயின. ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது வலியும் குறைந்திருந்தது.

இது சின்ன விஷயமா? உள்ளங்கைப் புண் ஆறுவதும், வலியில்லாமல் தூங்குவதும், சட்டையைச் சுலபமாக மாட்டுவதும் நோயாளிக்கும் பெரிய நிம்மதி, பார்த்துக்கொள்பவருக்கும் பெரிய நிம்மதி. விரலில் ஏற்கெனவே கொஞ்சம் அசைவு இருப்பவர்களுக்கு, இறுக்கம் போனதும் அந்த அசைவைப் பயன்படுத்திப் பழகவும் வழி பிறக்கலாம்.

அந்த மூன்று மாதத்தில்

ஊசி போட்டுவிட்டு வீட்டில் சும்மா உட்கார்ந்தால் காசும் போச்சு, காலமும் போச்சு. தசை தளர்ந்திருக்கும் அந்த மூன்று மாதத்தில்தான் பயிற்சி செய்ய வேண்டும். தெரப்பிஸ்ட் சொல்லிக் கொடுப்பதைத் தினமும் செய்யுங்கள். பட்டை கட்டிக் கையை நிறுத்தி வைக்கச் சொன்னால், சொன்ன நேரம் கட்டுங்கள்.

மூடிய கையைத் திறக்க விரலைப் பிடித்து இழுக்காதீர்கள். முதலில் மணிக்கட்டை இன்னும் கொஞ்சம் உள்பக்கம் மடக்குங்கள், விரல் தானாகவே தளரும். பிறகு கட்டைவிரலை அடியில் பிடித்து மெதுவாக வெளியே எடுங்கள். அதன்பின் மற்ற விரல்களை விரியுங்கள். கழுவி, விரல் இடுக்கில் ஈரமில்லாமல் துடையுங்கள். நகத்தை ஒட்ட வெட்டுங்கள்.

செய்யக்கூடாதவையும் உண்டு. வாதம் வந்த கையைப் பிடித்துத் தூக்கி ஆளை எழுப்பாதீர்கள், தோள் மூட்டு நழுவிவிடும். தைலம் போட்டு முரட்டுத்தனமாக உருவாதீர்கள். சூடான எண்ணெயோ வெந்நீர் ஒத்தடமோ வேண்டாம். உணர்ச்சி குறைந்த கை வெந்துபோனாலும் அவருக்குத் தெரியாது. ரப்பர் பந்தைக் கொடுத்து அமுக்கச் சொல்வதையும் தெரப்பிஸ்ட்டைக் கேட்காமல் செய்யாதீர்கள். மடக்கும் தசைதானே ஏற்கெனவே அளவுக்கு மீறி இழுக்கிறது!

இறுக்கம் திடீரென்று அதிகமானால் வேறு காரணம் இருக்கும். மலச்சிக்கல், மூத்திரக் கிருமி, படுக்கைப் புண், நகச்சுத்தி எதுவும் இறுக்கத்தைக் கூட்டும். முதலில் அதைப் பாருங்கள்.

எச்சரிக்கை

இந்த ஊசியை இதில் பயிற்சி பெற்ற நிபுணர்தான் போட வேண்டும். கம்பெனிக்குக் கம்பெனி அளவு மாறும். அழகு நிலையத்தில் மலிவாகப் போடுகிறார்கள் என்று போகாதீர்கள். ரத்தம் உறையாதிருக்கும் மாத்திரை சாப்பிடுபவர்கள், வேறு தசை நோய் உள்ளவர்கள், ஆன்டிபயாட்டிக் மருந்து எடுப்பவர்கள், கர்ப்பிணிகள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். போட்ட இடத்தில் வலியோ, அளவுக்கு மீறிய தளர்ச்சியோ வரலாம். அபூர்வமாக மருந்து பரவும். விழுங்கச் சிரமம், மூச்சுத் திணறல், குரல் மாற்றம் தெரிந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

எப்படிக் கேட்பது?

கூலிம், பாடாங் செராய், பீடோங், கோல கெட்டில், பாலிங் என்று எங்கே இருந்தாலும் முதலில் பக்கத்து அரசாங்க கிளினிக்குக்குப் போங்கள். தோட்டத்தை விட்டு சுங்கை பட்டாணி தாமான்களுக்குக் குடிபோனவர்களுக்கும் இதே வழிதான். குடிமக்களுக்குப் பதிவுக் கட்டணம் 1 வெள்ளி. டாக்டரிடம் இப்படிச் சொல்லுங்கள்: "வாதம் வந்த கை இறுகிப் போச்சு, உள்ளங்கையைக் கழுவ முடியல. மறுவாழ்வு மருத்துவ நிபுணரிடம் அனுப்புவீங்களா? போட்டுலினம் ஊசி பயன்படுமா?" எந்த ஆஸ்பத்திரியில் அந்த நிபுணர் இருக்கிறார் என்று பார்த்துக் கடிதம் கொடுப்பது டாக்டரின் வேலை. கடிதம் கையில் இல்லாமல் வீட்டுக்குத் திரும்பாதீர்கள்.

மருந்தின் விலை அதிகம். யார் செலவு என்று முதலிலேயே கேளுங்கள். கட்ட வசதியில்லாவிட்டால் ஆஸ்பத்திரியின் மருத்துவ சமூக நலப் பிரிவைப் பாருங்கள். அங்கே உதவி நிதிக்கு விண்ணப்பிக்க வழி சொல்வார்கள். சொக்சோ சந்தா கட்டியவர் 60 வயதுக்கு முன் வாதத்தால் வேலை செய்ய முடியாமல் போனால், இயலாமை பென்சனுக்கும் மறுவாழ்வு சிகிச்சைக்கும் மனுச் செய்யலாம். பாரம் நிரப்பத் தெரியாவிட்டால் சங்கக் கிளைச் செயலாளரிடம் கொண்டு போங்கள்.

அடுத்த முறை ரத்தக் கொதிப்பு மருந்து வாங்க கிளினிக்குப் போகும்போது, வீட்டில் கை மடங்கி உட்கார்ந்திருப்பவரையும் கூட அழைத்துக்கொண்டு போங்கள். மூடிய கையை டாக்டரிடம் நீட்டிக் காட்டுங்கள்.