உஷார்! லடாக் ஸ்டிக்கருக்கு விலை கொடுக்காதீங்க

ராத்திரி பதினொரு மணிக்கு ஒரு போட்டோ வரும். பின்னால் பனிமலை, முன்னால் சேறு அப்பிய வண்டி, பக்கத்தில் கார்துங் லா என்று எழுதிய மஞ்சள் பலகை. கீழே நாலே வரி. ‘சிங்கிள் ஓனர். லடாக் போயிட்டு வந்த வண்டி. ஃபாரின் போறதால அவசரமா குடுக்கறேன். நாளைக்குக் காலைல ஒரு பார்ட்டி வர்றாங்க.’ படிக்கும்போதே கை யுபிஐ ஆப்பைத் தேடும். அங்கேயே நிறுத்துங்கள். ஐந்தாயிரமோ பத்தாயிரமோ, அந்த அட்வான்ஸைப் போடாதீர்கள்.

அந்தப் பலகையையே எடுத்துக்கொள்ளுங்களேன். லடாக்கின் கார்துங் லா கணவாய் 18,380 அடி உயரம் என்று பல வருடம் அதில் எழுதியிருந்தது. ஜி.பி.எஸ். வைத்து அளந்தவர்களுக்குக் கிடைத்தது சுமார் 17,582 அடி. மலை மேல் நட்டு வைத்த பலகையே எண்ணூறு அடி கூட்டிச் சொன்னது. வண்டியின் கிலோமீட்டர் மீட்டர் எத்தனை ஆயிரம் குறைத்துச் சொல்லும்?

நம் ஊரில் டூரிங் ஆசை வந்தவர்கள் பலர் முதலில் தேடுவது ராயல் என்ஃபீல்டு ஹிமாலயனைத்தான். 2016-இல் வந்த 411 சிசி வண்டி, 2023 நவம்பரில் 450 வந்ததும் ஓய்ந்துவிட்டது. இனி 411 வேண்டுமென்றால் செகண்ட் ஹேண்டில்தான் வாங்க முடியும். முதலில் வந்தது கார்புரேட்டர் வண்டி. 2017-இல் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வந்தது, 2018-இல் ஏ.பி.எஸ். வந்தது. 2020-இன் பி.எஸ்.6 வண்டியில் பின்சக்கர ஏ.பி.எஸ்.ஸை அணைத்துக்கொள்ளும் பட்டனும் சேர்ந்தது. தூரத்திலிருந்து பார்த்தால் எல்லாம் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். எது எந்த வருடத்து வண்டி என்பதை விற்பவரிடம் கேட்காதீர்கள், ஆர்.சி.யில் தயாரிப்பு மாதத்தையும் வருடத்தையும் பாருங்கள். நீங்கள் டாமினாரோ கே.டி.எம். அட்வெஞ்சரோ இன்டர்செப்டரோ பார்த்தாலும் இனி சொல்வதில் பெரும்பகுதி அதற்கும் பொருந்தும்.

ஆபீஸ் போய் வந்த வண்டி அடி வாங்கியிருந்தால் வெளியே தெரிந்துவிடும். டூரிங் வண்டி வாங்கும் அடியெல்லாம் ஊமைக்காயம். பின்னால் ஆளும் ரெண்டு பக்கப் பெட்டியும் ஏற்றி ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் குண்டும் குழியுமான ரோட்டில் ஓடியிருக்கும். அந்தப் பாரம் இறங்கிய இடம் சீட்டுக்கு அடியில், டேங்குக்கு அடியில், முன் ஃபோர்க் சேசிஸோடு சேரும் கழுத்தில். வாட்டர் வாஷ் பண்ணி பாலீஷ் போட்ட வண்டியில் நம் கண் அங்கெல்லாம் போகவே போகாது.

நானும் பட்டிருக்கிறேன். கம்பெனி பெயர் வேண்டாம், தப்பு என் பேரில். நிறைய ஸ்டிக்கர் ஒட்டிய வண்டி, தெருவுக்குள் மூன்று கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்தேன், பட்டு மாதிரி போனது. முதல் பயணத்தில் பைகளைக் கட்டிக்கொண்டு திண்டிவனம் தாண்டி தொண்ணூறைத் தொட்டேன், ஹேண்டில் ஆட ஆரம்பித்தது. பயத்தில் நாற்பதிலேயே ஊர் வந்து சேர்ந்தேன். மறுநாள் எங்கள் ஏரியா மெக்கானிக் சென்டர் ஸ்டாண்ட் போட்டு, பின்பக்கத்தை அழுத்தி முன்சக்கரத்தைத் தூக்கினார். “தம்பி, நீங்களே திருப்பிப் பாருங்க” என்றார். ஹேண்டிலை மெதுவாக இடமிருந்து வலம் திருப்பினால், நேராக வரும் இடத்தில் ‘கடக்’ என்று உட்கார்ந்தது.

“கோன் செட் குழி விழுந்திருக்கு” என்றார். ஒவ்வொரு முறை பள்ளத்தில் முன்சக்கரம் விழும்போதும் கழுத்தில் உள்ள குண்டுகள் கிண்ணத்தில் ஒரே இடத்தில் மோதும், ஏனென்றால் அப்போது ஹேண்டில் நேராகத்தான் இருக்கும். அந்த இடத்தில் குழி விழுந்துவிட்டால் வண்டி நேராகப் போகவே தடுமாறும்.

“மாத்திடலாம்ல அண்ணே?”

“அதை மாத்திடலாம். இதை என்ன பண்ணப் போறீங்க?” என்று டேங்கைக் கழற்றிவிட்டு டார்ச் அடித்தார். கழுத்துப் பக்கம் வெல்டிங் மேல் வெல்டிங், அதன் மேல் பிரஷ்ஷால் அடித்த கருப்பு பெயின்ட். முன்னால் எங்கேயோ பலமாக மோதிய வண்டி. கோன் செட்டுக்குச் செலவு சில ஆயிரம். சேசிஸில் பற்றவைத்த வண்டியை நான் யாருக்கு விற்பது?

அதனால் முதலில் கழுத்து. ஹேண்டில் இரண்டு பக்கமும் போய் முட்டி நிற்கும் ஸ்டாப்பரைப் பாருங்கள். மோதிய வண்டியில் அது நசுங்கியிருக்கும், அல்லது அதைச் சுற்றி மட்டும் பெயின்ட் உதிர்ந்திருக்கும். நாற்பதாயிரம் கிலோமீட்டர் ஓடிய வண்டியில் கிராஷ் கார்டு மட்டும் பளபளவென்று புதிதாக இருந்தால், பழையது எங்கே போனது என்று கேளுங்கள். அதே சமயம் நின்ற இடத்தில் சாய்ந்த கீறலைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஹிமாலயன் கிட்டத்தட்ட 200 கிலோ. லக்கேஜோடு யு டர்ன் போடும்போது கீழே விடாதவர் யாரும் இல்லை. கீறலை மறைக்காமல் காட்டுகிறவரை நான் கொஞ்சம் கூடுதலாகவே நம்புவேன்.

வண்டி பார்க்கப் போகும் நேரத்தை நீங்கள் முடிவு செய்யுங்கள், காலையில் முதல் வேலையாகப் போங்கள். போனதும் பேச்சுக் கொடுக்கும் முன் இன்ஜினில் கை வையுங்கள். சுட்டால், உங்களுக்கு முன்னாலேயே யாரோ ஸ்டார்ட் பண்ணி வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். ஆறிய இன்ஜின்தான் உண்மை பேசும். சைலன்ஸரில் நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது, இன்ஜின் வேலை காத்திருக்கிறது. சாவியைத் திருப்பியதும் ஏ.பி.எஸ். விளக்கும் இன்ஜின் எச்சரிக்கை விளக்கும் எரிய வேண்டும், பிறகு அணைய வேண்டும். அணையாவிட்டால் கோளாறு. முதலிலேயே எரியாமல் இருந்தால் அதைவிட மோசம், யாரோ விளக்கையே ஊமையாக்கி வைத்திருக்கிறார்கள்.

மீட்டரில் 14,000 கிலோமீட்டர் என்று காட்டுகிறதா? டிஸ்க்கைத் தடவிப் பாருங்கள், ஓரத்தில் விளிம்பு கட்டியிருக்கிறதா என்று. குறைந்தபட்சத் தடிமன் எவ்வளவு என்று டிஸ்க்கிலேயே பொறித்திருப்பார்கள், ஒரு வெர்னியர் வைத்து அளந்தால் போதும். ஃபுட்ரெஸ்ட் ரப்பர் வழுக்கையாகியிருந்தால் அது 14,000-இல் ஆகிற வேலை கிடையாது. பின் ஸ்பிராக்கெட்டில் செயினைப் பின்பக்கமாக இழுங்கள்; பல்லில் பாதி வெளியே தெரிந்தால் செயின் செட் முடிந்தது. டயரின் பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் வருடத்தின் 23-ஆவது வாரம் செய்தது. முக்கியமாக, சர்வீஸ் பில்களை வாங்கித் தேதியையும் கிலோமீட்டரையும் வரிசையாகப் படியுங்கள். எங்காவது கிலோமீட்டர் பின்னோக்கி நடந்திருந்தால் நீங்களும் பின்னோக்கி நடந்து வெளியே வந்துவிடலாம்.

எனக்கு ரொம்பப் பயம் வெள்ள வண்டிதான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் பக்கம் வண்டிகள் தண்ணீருக்குள் கிடந்தன. அதே மாதம் 17, 18 தேதிகளில் தூத்துக்குடியும் திருநெல்வேலியும் மூழ்கின. சென்னையில் முங்கிய வண்டியைச் சென்னையிலேயே விற்க வேண்டும் என்று சட்டமா இருக்கிறது? கோவையிலோ சேலத்திலோ பார்ப்பவருக்கு அது மழையையே பார்க்காத வண்டி. வெளியே கழுவிவிடலாம், ஏர் ஃபில்டர் பெட்டியின் மூலையில் படிந்த வண்டல் அவ்வளவு சீக்கிரம் போகாது. சீட்டைக் கழற்றி ஒயர் கனெக்டர் ஒன்றைப் பிரித்துப் பாருங்கள், உள்ளே பின்கள் பச்சை பூத்திருந்தால் தண்ணீர் குடித்த வண்டி. ஸ்பீடோமீட்டர் கண்ணாடிக்குள் ஈரப்புகை, ஆயில் பார்க்கும் கண்ணாடியில் பால் கலந்த டீ நிறம், இவையும் சாட்சிகள். சீட்டைக் கழற்றக் கூடாது என்று விற்பவர் தடுத்தால் அதுவே பதில்.

எக்ஸ்ட்ரா லைட், ஹாரன், மொபைல் சார்ஜர் எல்லாம் ‘இருபதாயிரம் ரூபா ஆக்சஸரீஸ்ண்ணா’ என்று விலையில் ஏறும். எனக்கு அவை இறங்க வேண்டிய ரூபாய். ஒயரை வெட்டி இன்சுலேஷன் டேப் சுற்றிய ஒவ்வொரு இடமும் நடுராத்திரியில் காட்டு வழியில் வண்டி நிற்கப் போகும் இடம். லைட்டையெல்லாம் போட்டு, கொஞ்சம் முறுக்கி, மல்டிமீட்டரை பேட்டரியில் வையுங்கள். 13.5 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் சார்ஜிங்கைப் பார்க்க வேண்டும்.

ஓட்டிப் பார்ப்பது தெருமுனை டீக்கடை வரை வேண்டாம். உங்கள் லைசென்ஸை அவரிடம் கொடுத்துவிட்டு, நண்பர் ஒருவரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு ஹைவேக்குப் போங்கள். பாரம் ஏறினால்தான் டூரிங் வண்டியின் குணம் தெரியும்.

இனி பேப்பர். வண்டியைவிடப் பேப்பரில் ஏமாந்தவர்களே எனக்குத் தெரிந்து அதிகம். சேசிஸ் நம்பரையும் இன்ஜின் நம்பரையும் விரலால் தடவி ஆர்.சி.யோடு ஒத்துப் பாருங்கள். சுற்றிலும் உரசிய தடமோ, எழுத்து ஏறி இறங்கி இருப்பதோ கண்டால் பேரமே வேண்டாம். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் திருட்டுப் பொருள் என்று தெரிந்தே வாங்குகிறவருக்கான பிரிவின் எண்ணும் ஹிமாலயனைப் போலவே 411-தான், இந்தப் பொருத்தத்தை யார் பார்த்து வைத்தார்களோ! இப்போது அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-ஆவது பிரிவு.

பரிவாஹன் தளத்தில் வண்டி நம்பரைப் போட்டால் எத்தனையாவது ஓனர், ஃபைனான்ஸ் இருக்கிறதா, எந்த வகை வண்டி என்றெல்லாம் வரும். லோன் முடிந்தது என்று வாயால் சொன்னால் போதாது, பேங்க் என்.ஓ.சி.யும் பார்ம் 35-உம் கையில் வேண்டும். கருப்பு பிளேட்டில் மஞ்சள் எழுத்து வாடகைக்கு விடும் வண்டிக்கு உரியது. அப்படி ஓடிப் பிறகு வெள்ளைக்கு மாறிய வண்டியை எத்தனை பேர் முதல் கியரில் கதற விட்டிருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள். பாக்கி இருக்கும் இ-சலானையும் அங்கேயே பார்த்துவிடலாம். வெளி மாநில வண்டி விலை குறைவாகத் தெரியும். பார்ம் 28 என்.ஓ.சி., இங்கே மறுபடி கட்ட வேண்டிய சாலை வரி, அலைச்சல் எல்லாம் சேர்த்தால் அந்தக் குறைவு எங்கே போனதென்று தேட வேண்டியிருக்கும்.

‘இன்ஷூரன்ஸ் 2027 வரைக்கும் இருக்குண்ணா’ என்பார்கள். 2018 செப்டம்பரிலிருந்து புது டூவீலருக்கு ஐந்து வருட மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். அவர் சொல்வது அதுவாகத்தான் இருக்கும். நம் வண்டியின் சேதத்துக்கான பாலிசி எப்போதோ காலாவதி ஆகியிருக்கலாம். பழைய ஓனரின் நோ கிளெய்ம் போனஸும் அவரோடு போய்விடும், வண்டியோடு வராது.

எல்லாவற்றிலும் பெரிய பள்ளம் ஓப்பன் பார்ம். பார்ம் 29, 30-இல் முதல் ஓனர் கையெழுத்துப் போட்டுவிட்டு, வாங்குபவர் பெயரைக் காலியாக விட்டு, வண்டி மூன்று நாலு கை மாறியிருக்கும். சட்டப்படி வாங்கியவர் 30 நாளுக்குள் பெயர் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், விபத்து இழப்பீட்டுக்கும் அவரே பொறுப்பு என்று 2018-இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. நீங்கள் பெயர் மாற்றப் போகும்போது ஓ.டி.பி. யாருடைய செல்போனுக்குப் போகும் என்று நினைக்கிறீர்கள்? நடுவில் விற்ற புரோக்கருக்கா? முகமே தெரியாத அந்த முதல் ஓனருக்கு.

‘நான் ஆர்மி, டிரான்ஸ்ஃபர் ஆகிடுச்சு, வண்டி ஏர்போர்ட்ல இருக்கு, பார்சல்ல அனுப்பறேன்’ என்று ஐ.டி. கார்டு போட்டோவோடு வருகிறவரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. வண்டியும் இல்லை, ஆர்மியும் இல்லை. பணம் போய்விட்டால் உடனே 1930-க்கு அடியுங்கள்.

போன மாதம் அக்கா பையனுக்காக ஒரு 411 பார்க்கப் போனோம். இன்ஜின் ஜில்லென்று இருந்தது, கழுத்து சுத்தம், கனெக்டர் சுத்தம். விற்பவர் டீ வாங்கிக் கொடுத்து, ரோதாங்கில் பனியில் மாட்டிக்கொண்டது, பாங்கோங் ஏரிக்கரையில் கூடாரம் போட்டது என்று அரை மணி நேரம் பேசினார். எனக்கே வண்டி பிடித்துவிட்டது. கிளம்பும்போது வழக்கமாகக் கேட்பதைக் கேட்டேன்.

“தம்பி, செகண்ட் கீ?”

“அது ஓனர்கிட்ட இருக்குண்ணா.”