கையெழுத்து ஒருவருடையது, துப்பாக்கி இன்னொருவருடையது

தெற்கு சூடானில் 2018-ல் கையெழுத்தான சமாதான ஒப்பந்தம் பேருக்கு மட்டும் நடப்பில் இருக்கிறது. அந்த ஒப்பந்தப்படி முதல் துணை அதிபரான ரியெக் மச்சார் 2025 மார்ச்சில் வீட்டுக் காவலில் வைக்கப்பட்டார். செப்டம்பரில் அவர்மீது கொலை, தேசத்துரோக வழக்குகள் பாய்ந்தன. அதிபர் சல்வா கீருக்குத் துணையாக உகாண்டா ராணுவம் தலைநகர் ஜூபாவில் வந்து இறங்கியது. ஒருமுறைகூட நடக்காத பொதுத்தேர்தல் பலதடவை தள்ளிப்போய், 2026 டிசம்பர் என்று குறிக்கப்பட்டது. இத்தனைக்கும் நடுவில் நீலத் தொப்பியோடு நிற்கிறது ஐ.நா. அமைதிப்படை. 2025-ல் அதில் இந்தியச் சிப்பாய்கள் மட்டும் 2 ஆயிரத்துக்கும் மேல். 2022-ல் அதன் தளபதியாகப் போன லெப்டினன்ட் ஜெனரல் மோகன் சுப்பிரமணியன் உடுமலைப்பேட்டை பக்கத்து அமராவதிநகர் சைனிக் பள்ளியில் படித்தவர்.

ஆப்பிரிக்கச் சண்டை நமக்கெதற்கு என்று சேலம், நாமக்கல் பக்கத்தில் யாரும் சொல்லிவிட முடியாது. திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் அந்தக் கண்டம் வரை போய் ஆழ்துளைக் கிணறு போடுகின்றன. ஆனால் வெளிநாட்டுப் படை போனால் அமைதி வருமா என்ற கேள்விக்குப் பதில் தேட அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. மேட்டூரைத் தாண்டினால் கொளத்தூர் வந்துவிடும்.

இலங்கையில் நடந்த 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின் ஈழப் போராளிகளுக்கு இந்தியாவிலேயே ஆயுதப் பயிற்சி கிடைத்தது. மத்திய அரசு அறிந்து நடந்தது அது. பெரியாரியவாதியான கொளத்தூர் மணி தன் நிலத்தை விடுதலைப் புலிகளின் முகாமுக்குக் கொடுத்தார். பயிற்சியை நடத்தியவர் புலிகளின் பொன்னம்மான். அந்த இடத்துக்குப் புலியூர் என்ற பேரே நிலைத்துவிட்டது. சில ஆண்டுகளில் அதே இயக்கத்தின் துப்பாக்கிகள் இந்தியச் சிப்பாய்களின் பக்கம் திரும்பின. நடுவே நடந்தது என்ன?

1987 ஜூலை 29 அன்று கொழும்பில் ஒப்பந்தம் கையெழுத்தானது. கையெழுத்திட்டவர்கள் பிரதமர் ராஜீவ் காந்தியும் இலங்கை அதிபர் ஜெயவர்த்தனேவும். ஆயுதத்தைக் கீழே வைக்க வேண்டிய புலித் தலைவர் பிரபாகரனின் கையெழுத்து அதில் இல்லை. அவர் அப்போது டெல்லி ஓட்டலில் இருந்தார், கிட்டத்தட்டக் காவலில். ஆகஸ்ட் 4-ல் சுதுமலைக் கூட்டத்தில் தன் மனக்குறையை அவர் மறைக்கவில்லை. மறுநாள் பலாலியில் ஆயுத ஒப்படைப்பு தொடங்கியபோதும், ஒப்படைக்கப்பட்டது கொஞ்சம், வைத்துக்கொண்டது அதிகம். அந்தப் பக்கம் சிங்களரின் கோபமும் குறைவில்லை. ஒப்பந்தம் முடிந்த மறுநாளே அணிவகுப்பு மரியாதையில் நின்ற கடற்படை வீரர் ஒருவர் ராஜீவைத் துப்பாக்கியைத் திருப்பி அடித்தார்.

பிறகு எல்லாம் வேகமாகச் சரிந்தது. செப்டம்பர் 26-ல் உண்ணாவிரதமிருந்த புலிகளின் திலீபன் இறந்தார். அக்டோபர் 5-ல், பலாலியில் பிடித்து வைக்கப்பட்டிருந்த புலித் தளபதிகள் குமரப்பா, புலேந்திரன் உள்ளிட்டவர்கள் கொழும்புக்குக் கொண்டுபோகப்படுவதற்குமுன் சயனைடு கடித்தார்கள். 12 பேர் செத்தார்கள். அக்டோபர் 10-ல், ஒப்பந்தப்படி வந்திருந்த இந்திய அமைதிப்படை யாழ்ப்பாணத்தின்மீது போர் தொடுத்தது. வந்து இறங்கிப் பத்து வாரம்தான் ஆகியிருந்தது. அக்டோபர் 21-ல் யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் நோயாளிகளும் டாக்டர்களும் நர்சுகளும் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு, காவலுக்கு வந்த படை என்று அதை நம்ப அந்த ஊரில் ஆளில்லை. கடைசியில் புலிகளுக்கும் அடுத்து வந்த இலங்கை அதிபர் பிரேமதாசாவுக்கும் ஒத்துப்போன ஒரே விஷயம், இந்தியப் படை வெளியேற வேண்டும் என்பது. புலிகளுக்கு ஆயுதமே கொடுத்தது கொழும்பு. சுமார் 1,200 சிப்பாய்களைப் பறிகொடுத்து, 1990 மார்ச் 24-ல் கடைசி அணி கப்பலேறியது. சென்னையில் முதல்வர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. ஜூனில் அடுத்த ஈழப்போர் தொடங்கிவிட்டது. தாரமங்கலம் பக்கம் பவளத்தானூர், குருக்குப்பட்டி ஈழத்தமிழர் முகாம்களில் இருப்பவர்களின் கதை இந்த ஆண்டுகளோடு பின்னியது. அகதி முகாம் என்ற பலகை 2021-ல் மறுவாழ்வு முகாம் என்று மாறியது; குடியுரிமைக் கேள்வி மாறவில்லை.

ஆக, முதல் பிழை போர்க்களத்தில் நடந்ததல்ல. சண்டையிடுகிறவனை விட்டுவிட்டு அவனுக்காக இன்னொருவர் போட்ட கையெழுத்துதான் அது. இரண்டாவது பிழை, நடுவராகப் போனவர் தானே களத்தில் இறங்கியது.

இதைத் தலைகீழாகச் செய்து பார்த்த நாடு மொசாம்பிக். நம்மூர்க் குச்சிக்கிழங்கைச் சோறுபோலத் தின்னும் தேசம். பதினாறு ஆண்டு உள்நாட்டுப் போருக்குப் பின் 1992 அக்டோபர் 4-ல் ரோம் நகரில் அதிபர் சிசானோவும் ரெனாமோ இயக்கத் தலைவர் லகாமாவும் நேருக்கு நேர் அமர்ந்து கையெழுத்திட்டார்கள். ஐ.நா. சுமார் 6,500 சிப்பாய்களை அனுப்பியது; இந்தியாவின் பொறியாளர் பிரிவும் போனது. மறு ஆண்டே தேர்தல் என்று பேசியிருந்தும் அவசரப்படவில்லை. இரு தரப்பு ஆட்களும் முகாமுக்கு வந்து ஆயுதத்தை வைத்த பிறகே, 1994 அக்டோபரில் வாக்கெடுப்பு. ரெனாமோ அரசியல் கட்சியாக மாறுவதற்குப் பணமும் கொடுத்தார்கள். கேட்கக் கசப்பாக இருந்தாலும் துப்பாக்கி வாங்குவதைவிட மலிவுதான். தோற்ற ரெனாமோ நாடாளுமன்றத்தில் எதிர்க்கட்சியாக உட்கார்ந்தது. 2013-ல் மறுபடி சண்டை மூண்டு 2019-ல் இன்னொரு ஒப்பந்தம் போட வேண்டி வந்தது உண்மைதான். நடுவில் இருபது ஆண்டு ஊர் மூச்சு விட்டது.

அங்கோலாவிலோ அவசரப்பட்டார்கள்: 1991-ல் ஒப்பந்தம், 1992 செப்டம்பரில் தேர்தல். அவ்வளவு பெரிய நாட்டுக்கு ஐ.நா. அனுப்பியது சுமார் 350 ராணுவப் பார்வையாளர்கள். படைகள் கலையவேயில்லை. தோல்வி தெரிந்ததும் கிளர்ச்சித் தலைவர் ஜோனாஸ் சவிம்பி மறுபடி காட்டுக்குப் போனார். வைரச் சுரங்கம் கையில் இருந்ததால் செலவுக்குக் குறைவில்லை. 2002 பிப்ரவரியில் அவர் கொல்லப்படும்வரை போர் ஓயவில்லை.

சியரா லியோனில் 2000 மே மாதம் கிளர்ச்சிக்காரர்கள் ஐ.நா. சிப்பாய்கள் சுமார் 500 பேரைப் பிடித்து வைத்தார்கள். கைலாகுனில் முற்றுகையில் சிக்கிய கூர்க்கா வீரர்களை ஜூலையில் குக்ரி நடவடிக்கை மூலம் இந்தியப் படையே மீட்டது. ஆனால் ஐ.நா. படைக்குள் நைஜீரியத் தளபதிகளோடு மூண்ட தகராறில் இந்தியா தன் படையைத் திருப்பி அழைத்துக்கொண்டது. பிறகு படை 17,500 ஆகப் பெருகி, பிரிட்டிஷ் ராணுவமும் கைகொடுத்தபின் 2002-ல் போர் முடிந்தது.

இந்த அனுபவங்களை வைத்துத் தெற்கு சூடானைப் பார்த்தால் நிலைமை விளங்கும். 2011 ஜூலை 9-ல் பிறந்த நாடு. 2013 டிசம்பரில் கீர் ஒரு பக்கம், மச்சார் மறுபக்கம் என்று பிளந்தது. ஐ.நா. தளங்களின் வாசலைத் திறந்துவிட்டதால் 2 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் உள்ளே ஓடிவந்து உயிர் பிழைத்தார்கள். அகோபோ தளத்தில் அடைக்கலம் தேடியவர்களைக் கொல்ல வந்த கூட்டம் இரண்டு இந்தியச் சிப்பாய்களையும் கொன்றது. அமைதிப்படை எதையும் சாதிக்கவில்லை என்று எழுதுகிறவர்கள் இந்த 2 லட்சத்தைக் கணக்கில் சேர்ப்பதில்லை. அதேசமயம் 2016-ல் ஆயுதக்காரர்கள் மலக்கால் தளத்துக்குள்ளேயே புகுந்து தாக்கியபோது படை தடுமாறியதையும் மறைக்க முடியாது.

இங்கே நேருக்கு நேர் கையெழுத்து ஆகியிருக்கிறது. அந்த வகையில் யாழ்ப்பாணத்தைவிட மேல். சிக்கல் அதற்கடுத்த படியில். இரு தரப்பையும் சேர்த்து 83 ஆயிரம் பேர் கொண்ட ஒரே படை அமைய வேண்டும் என்பது ஒப்பந்தம். அது முழுமையாக நடக்கவில்லை. எண்ணெய்ப் பணம் வருவது சூடான் வழியாகப் போகும் குழாயை நம்பி. சூடானிலோ 2023 ஏப்ரல் முதல் தனிப் போர்.

தலைநகரச் சண்டைக்குக் கீழே இன்னொரு சண்டை உண்டு, மாட்டுக்காக. அங்கே சொத்தும் மாடுதான், பெண் கேட்டுப்போனால் பரிசமும் மாடுதான். ஜோங்லே மாநிலத்தில் டிங்கா, நுவேர், முர்லே மக்கள் மாறிமாறி மந்தை கவர்ந்து ஊரை எரித்திருக்கிறார்கள். கால்நடைக் கல்லூரி வைத்திருக்கும் நாமக்கல்காரர்களுக்கு இது பிடிபடும்: இந்தியப் படையோடு போன கால்நடை மருத்துவர்கள் மலக்கால் பக்கம் மாடுகளுக்கு வைத்தியம் பார்க்கிறார்கள், ஊர்க்காரர்களுக்கும் சொல்லித் தருகிறார்கள். ஊசி போட வந்தவரை எந்தக் கட்சி என்று யாரும் கேட்பதில்லை. யாழ்ப்பாணத்தில் நம் படைக்குக் கிடைக்காத நம்பிக்கை, பட்டிக்குள் கிடைக்கிறது.

உகாண்டா படைக்கு அது கிடைக்காது. அது அதிபர் அழைத்து வந்த படை. மச்சார் ஆட்களின் கண்ணில் எதிரிப் படை. மச்சார் காவலில் இருக்க, படைகள் இணையாதிருக்க, வாக்குப்பெட்டி வைத்தால் நடப்பது மொசாம்பிக்கைவிட அங்கோலாவை ஒத்திருக்கும். தேர்தலைத் தள்ளிப்போட்டால் கீர் பதவியில் நீடிக்க வழி என்ற எதிர்வாதமும் நியாயமானது. அதனால் தேதியைவிட, மச்சாரை மேசைக்குக் கொண்டுவருவதைத்தான் முதலில் செய்ய வேண்டும்.

ஐ.நா.வின் கையோ கட்டிக்கிடக்கிறது. அமெரிக்கா முதலான நாடுகள் சந்தா பாக்கி வைத்ததால், உலகெங்கும் உள்ள அமைதிப்படையில் கால்வாசி ஆட்களைக் குறைப்பதாக 2025 அக்டோபரில் அறிவித்தார்கள். தெற்கு சூடான் படையும் அந்தக் கணக்கில் வருகிறது.